அரைக் கட்டை

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை முடிந்ததும் மேலப்புதூர் ஜனங்கள் கறி வாங்கப் போவார்கள். விக்டர் வீட்டுக்கு மட்டும் பாட்டு கேட்க ஆள் வரும். வந்தவர்களுக்கு மிக்சர் உண்டு, டீ உண்டு, விக்டரின் பேச்சும் உண்டு. முதல் இரண்டுக்காக மூன்றாவதைப் பொறுத்துக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று, அந்த மனுஷனுக்குக் காது இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆபீசில் ஹெட்கிளார்க், வீட்டில் சினிமாப் பாட்டுக்கு ஹைகோர்ட் ஜட்ஜ். கேட்டுக் கேட்டுச் சலித்த பாட்டைக்கூட அவர் பிரித்துக் காட்டினால் புதுப் பாட்டாகிவிடும். எல்லாவற்றிலும் அவருக்கு உசிரு, விளக்குப் பாட்டுதான். வெளியூர் போன புருஷன் வருவான் என்று ஒருத்தி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே பாடுகிற பாட்டு அது. படம் ஒரு வாரம் தாங்கவில்லை, பாட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

"பல்லவியை எங்க எடுக்குறாங்க, கவனிச்சீங்களா?" என்பார், ரெக்கார்டு மேல் முள்ளை வைத்துவிட்டு. "தாளத்தோட எடுக்கல. கொஞ்சம் தள்ளி எடுக்குறாங்க. ஏன்? புருஷன் வர்றதுக்கு லேட்டாவுது. பாட்டும் லேட்டாத்தானே வரணும்! இப்ப ரெண்டாவது சரணம் வருது பாருங்க... தபேலாவை நிறுத்திட்டான்! விளக்கு அணையப் போவுதோன்னு நமக்கு வயித்தைக் கலக்கணும், அதுக்குத்தான். ஒத்தை வயலினை மட்டும் கூட அனுப்பிட்டு, அந்தம்மாவை மேல் பஞ்சமத்துக்கு ஏத்துறான். பிடிச்சுக்க ஒரு கம்பு கிடையாது. தனியா ஏறணும், தனியா இறங்கணும்."

"பேஷ், பேஷ்! அனுபவிச்சுன்னா போட்டிருக்கான்!" என்பார் தேசிகன். ஸ்ரீரங்கத்துக்காரர், பாங்கில் வேலை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து வாராவாரம் இதற்காகவே வருவார். "சன்னிதியிலே கண்ணை மூடிண்டு நின்னா ஒரு ஆனந்தம் வருமே, அது மாதிரி இருக்கு, விக்டர் சார்."

இதுவரைக்கும் சரி. இதற்கு மேலேதான் வயிற்றெரிச்சல். ரெக்கார்டு முடிந்ததும் விக்டர் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

"ராணி, வந்து பாடு. உதாரணத்துக்கு."

லூர்துராணி அவருடைய பெண்டாட்டி. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, நிலைப்படியில் நின்று, அதே பாட்டை அவள் பாட வேண்டும். எப்படிப் பாடக் கூடாது என்பதற்கு உதாரணமாம்! தூ, இப்படியும் ஒரு புருஷன். அவள் பாடி முடிப்பாள். விக்டர் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்ப்பார்.

"கேட்டீங்களா? அரைக் கட்டை கீழ. ரெக்கார்டுல ஆறு கட்டை ஸ்ருதி. இவ அஞ்சரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா. வேகமும் பத்தல. கட்டை வண்டி மாதிரி இழுக்குறா. சரி போ, குழம்பைப் பாரு."

ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய கட்டைக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் அரைக் கட்டை. சுண்டுவிரல் அகலம் தேறாது. அந்த அகலத்துக்குள் ஒரு பொம்பளையை எத்தனை வருஷம் நிற்க வைக்கலாம் என்று விக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பாட்டுக்காகத்தான் அவளைக் கட்டினார். எழுபத்தி ரெண்டில் மாதா கோயில் திருவிழா. பிச்சமுத்து என்ற ஆர்மோனியக்காரரின் மெல்லிசைக் குழுவில் லூர்துராணி பாடினாள். கூட்டத்தில் நின்ற விக்டர் கையில் சுண்டல் பொட்டலம். இரண்டாவது சரணத்தில் தபேலா நின்று அவள் குரல் தனியாக மேலே ஏறியபோது இவருக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. பாட்டு முடிந்து, தேர் கிளம்பி, கூட்டம் கலைந்த பிறகும் பொட்டலம் பிரிக்காமல் கையிலேயே இருந்தது. அடுத்த மாதமே பெண் கேட்டு அம்மாவை அனுப்பிவிட்டார்.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ரெக்கார்டு பிளேயர் வந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போன பெட்டி. மோட்டார் தண்டு தேய்ந்து சறுக்குகிறது என்று பாலக்கரை மெக்கானிக் ஒருவர் அதன் மேல் ஒரு ரப்பர் உறையைப் போட்டுக் கொடுத்தார். தண்டு பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும். தட்டு வேகமாகச் சுற்றினால் பாட்டும் ஓடும், ஸ்ருதியும் ஏறும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. காது உள்ள விக்டருக்குப் புரியவில்லை. சொந்தப் பெட்டி பாருங்கள், சொந்தப் பெட்டி தப்புச் செய்யுமா?

ராணிக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது. சாயந்திரம் ரேடியோவில் அதே பாட்டு வந்தபோது கூடவே பாடிக் காட்டினாள்.

"பாருங்க, ரேடியோவோட ஒட்டிப் போவுதே. நான் எங்கங்க கீழ பாடுறேன்?"

"ரேடியோக்காரன் மெதுவா விடுறான்டி. ரேடியோ காத்துல வர்றது. இது ரெக்கார்டு, கையில பிடிச்சுப் பாக்கலாம்" என்றார் விக்டர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

அவளும் ஏறிப் பார்த்தாள். ஆறு கட்டையில் பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது. அந்த மேல் பஞ்சமத்தில் மட்டும் தொண்டை கையை விரித்தது. கடவுள் அவளுக்கு அளந்து கொடுத்தது அஞ்சரைக்குத்தான். அதில் அவள் பாடினால் அழுத பிள்ளை வாயை மூடும். அரைக் கட்டை ஏறினால் அது வேறு யாரோ பாடுகிற மாதிரி இருந்தது.

எழுபத்தி ஆறில் பிச்சமுத்து வீடு தேடி வந்தார். ஸ்ரீரங்கத்தில் வியாபாரிகள் சங்க ஆண்டு விழாக் கச்சேரி. அந்தச் சான்ஸே விக்டர் சிபாரிசு பண்ணித்தான் அவருக்குக் கிடைத்திருந்தது. குழுவில் பாடுகிற பெண்ணுக்கு டைபாய்டு.

"தங்கச்சி வந்து விளக்குப் பாட்டு ஒண்ணு மட்டும் பாடிட்டாப் போதும், சார்."

கதவோரம் நின்ற ராணியின் முகம் விரிந்ததை விக்டர் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் மேடை ஏறியதே இல்லை.

"பாடட்டும். ஆனா ரெக்கார்டு ஸ்ருதியில பாடணும். வேகமும் ரெக்கார்டு வேகம்தான்."

"சார், அந்தப் பாட்டு அஞ்சரை சார்" என்று பிச்சமுத்து தலையைச் சொறிந்தார். "ரேடியோவுல கேட்டுத்தான் நாங்க சுரமே எழுதி வச்சிருக்கோம்."

"யோவ், ரெக்கார்டு என் வீட்டுல இருக்கு. நீ ரேடியோங்குற! அப்படிப் பாடறதா இருந்தா கச்சேரியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கச்சேரியை வாங்கிக் கொடுத்தவர் அவர். பிச்சமுத்து சரி என்றார். ஒரு வாரம் சாயந்திரம் சாயந்திரம் குழு முழுக்க விக்டர் வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியோடு ஸ்ருதி சேர்த்தது. ராணிக்கு மூன்றாம் நாளே தொண்டை கட்டியது.

"அந்த மேல் இடத்துல கிழியுதுங்க. ஒரே ஒரு தடவை என் ஸ்ருதியில விட்டுடுங்களேன்."

"ஒரிஜினல் பாடினவளுக்கு மட்டும் என்ன, தகரத்துலயா தொண்டை?" என்றார் விக்டர். "உனக்குன்னு தனி ஸ்ருதியா? நீ என்ன பெரிய இவளா?"

ஸ்ரீரங்கத்துக் கூட்டம் லேசுப்பட்ட கூட்டமல்ல. வெற்றிலை போட்டுக்கொண்டே தப்பு கண்டுபிடிப்பார்கள். ராணி பல்லவியை எடுத்ததும் பந்தல் அடங்கியது. முதல் சரணத்துக்கு முன்வரிசையில் தலைகள் ஆடின. விக்டர் தேசிகன் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் வந்தது. தபேலா நின்றது. ஒற்றை வயலின் மட்டும் கூடப் போக, அவள் ஏறினாள்.

உச்சியில் குரல் உடைந்தது. மற்ற இடமாக இருந்தால் தபேலா மூடி மறைத்திருக்கும். இந்த இடத்தில் மறைக்க ஒன்றுமில்லை. வயிற்றைக் கலக்க வேண்டும் என்றுதானே அந்த இசையமைப்பாளர் அங்கே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தார்! அவள் மறுபடி முயன்றாள், காற்றுத்தான் வந்தது. பந்தலுக்குப் பின்னாலிருந்து எவனோ ஒரு கட்டையில் போகிறவன் கத்தினான்.

"விளக்கு அணைஞ்சிருச்சுடோய்!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. விசில் பறந்தது. ராணி மைக்கைப் பிடித்தபடி புருஷனைத்தான் பார்த்தாள். விக்டர் அவளைப் பார்க்கவில்லை. தேசிகன் காதோரம் சாய்ந்திருந்தார்.

"சொன்னேன்ல? அரைக் கட்டை."

"பாவம் ஓய், முதல்ல அவாளை அகத்துக்கு அழைச்சுண்டு போங்கோ" என்றார் தேசிகன்.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் ராணிக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் லேசாக ரத்தம். பாலம் முழுக்க, அந்த இடத்துக்கு முன்னால் மூச்சை எங்கே எடுத்திருக்க வேண்டும் என்று விக்டர் விளக்கிக்கொண்டே வந்தார்.

ஒரு மாசம் உதாரணத்துக்கு லீவு விட்டார். பெரிய மனசு! குரல் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமைகளும் திரும்பின. குழந்தை இல்லை என்று ஊர் அவளைச் சொன்னது, ஸ்ருதி இல்லை என்று புருஷன் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டு அவள் மிக்சர் தட்டை நீட்டினாள். ஆனால் விடியற்காலையில் பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் விளக்குப் பாட்டை முணுமுணுப்பாள், தன்னுடைய அஞ்சரையில், தன்னுடைய நடையில். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பாட்டையும் அதே ஸ்ருதியில்தான் எடுப்பாள். பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த முணுமுணுப்பு விக்டருக்குக் கால் முள்ளாக உறுத்தியது. இத்தனை வருஷம் சொல்லியும் இவள் ஒத்துக்கொள்ளவில்லையே! வாயால் சரிங்க என்கிறாள், தொண்டையால் இல்லைங்க என்கிறாள்.

எண்பத்தி மூன்றில் விக்டர் டேப் ரெக்கார்டர் வாங்கினார். தேய்ந்துகொண்டே வந்த விளக்குப் பாட்டு ரெக்கார்டைக் கடையில் கொடுத்து கேசட்டில் பதிந்துவிட வேண்டும் என்று பையில் எடுத்து வைத்தார். ராணி அருகே வந்து நின்றாள்.

"ஏங்க, அங்க கடையில வேற பெட்டிதானே இருக்கும்?"

"ஆமா. ஏன்?"

"நம்ம பெட்டிதான் தப்புன்னு எனக்கு ரொம்ப நாளா தோணுது. அங்க கேட்டுட்டு வாங்க." அவள் நிறுத்தவில்லை. "அந்தப் பெட்டியிலயும் ஆறு கட்டைதான்னா, நான்தான் தப்பு. அப்புறம் பாட்டுன்னு வாயைத் திறக்க மாட்டேன். கோயில்லகூட. மாதா மேல ஆணை. அஞ்சரைன்னா, இனிமே என்னை உதாரணத்துக்குக் கூப்பிடக் கூடாது."

பத்து வருஷத்தில் அவள் வைத்த ஒரே நிபந்தனை அது. விக்டருக்குச் சிரிப்பு வந்தது. "தன் தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்குற. சரி, பந்தயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிங்காரத்தோப்பில் நஜீமா ரெக்கார்டிங் சென்டர். புருஷன் சவூதியில் இருந்து அனுப்பிய சாமான்களை வைத்து நஜீமாவே கடையை நடத்தினாள். ரெக்கார்டை வாங்கித் துடைத்து, பளபளவென்று இருந்த பெட்டியில் வைத்து, முள்ளை இறக்கினாள்.

பாட்டு வந்தது. விக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"உங்க மெஷின் இழுக்குதும்மா."

"இல்ல சார், இங்க பாருங்க." தட்டின் ஓரத்தில் சுற்றிலும் புள்ளிகள், அதன் மேல் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம். "ஸ்பீடு சரியா இருந்தா இந்தப் புள்ளி ஓடாம நிக்கும். நிக்குது பாருங்க. நம்பலைன்னா அந்த மெஷின்லயும் போடுறேன்."

போட்டாள். அதிலும் அப்படியேதான். "உங்க வீட்டு மெஷினை யாராவது ரிப்பேர் பண்ணினாங்களா சார்?" என்று அவள் பேச்சுவாக்கில் கேட்டாள். விக்டருக்கு அந்த ரப்பர் உறை ஞாபகம் வந்தது.

அதற்குள் இரண்டாவது சரணம் வந்துவிட்டது. தபேலா நின்றது. குரல் அவசரப்படாமல், நிதானமாக, மேல் பஞ்சமத்துக்கு ஏறி, அங்கே நின்று, ஒரே மூச்சில் இறங்கியது. ராணி! அப்படியே ராணி. அதே ஸ்ருதி, அதே நடை, அவர் இழுவை என்று சொன்ன அதே நிதானம். திருவிழாவில் சுண்டல் பொட்டலத்தோடு கேட்டது இதைத்தான். விக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நல்ல நினைப்புத்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட அது தாங்கவில்லை. அடுத்தாற்போல் தேசிகன் முகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்தது. "என்ன விக்டர் சார், இத்தனை நாள் ஓட்டைப் பெட்டியை வச்சுண்டா உபன்யாசம் பண்ணேள்?" என்று தேசிகன் கேட்கிற மாதிரியே காதில் விழுந்தது. பிச்சமுத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எல்லாவற்றுக்கும் மேலே ராணி. அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சும்மா ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது?

"ஏம்மா, அந்தக் குமிழைத் திருப்பினா ஸ்பீடு கூடுமா?"

"கூடும் சார்."

"கூட்டுங்க. நான் சொல்ற வரைக்கும்."

நஜீமா திருப்பினாள். புள்ளிகள் ஓடத் தொடங்கின. குரல் மெலிந்தது, வயலின்கள் கொசுவாயின.

"போதும். இப்படியே பதிஞ்சு குடுங்க."

"சார், புள்ளி ஓடுது. பாட்டுத் தப்பால்ல இருக்கும்?"

"ஓடட்டும்" என்றார் விக்டர்.

வீட்டில் ராணி நிலைப்படியிலேயே காத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டேப் ரெக்கார்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். விக்டர் கேசட்டைப் போட்டார். முதல் சுரம் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இது வேற பெட்டிதானேங்க?"

"வேற பெட்டிதான். சவூதியிலேர்ந்து வந்தது."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்" என்றார். பொய்யில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை பாருங்கள், பெட்டி வேறுதானே!

ராணி டேப் ரெக்கார்டரை நிறுத்தினாள். "அப்ப ரேடியோவும் நானும் ஒரே தப்பு" என்றாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "இத்தனை நாள் உங்களை மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேங்க. மன்னிச்சுக்குங்க."

மன்னிச்சுக்குங்க என்றாள்! விக்டர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டுக்கு அவள் உதடு அசையவில்லை. பங்குச் சாமியார் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை ஃபாதர் என்றாள். தேசிகன்கூட ஒரு வாரம் ஆசையாகக் கேட்டார், "மன்னி பாடலையா இன்னிக்கு? அவா சாரீரம் நன்னா இருக்குமே, ஓய். ஸ்ருதி கிடக்கட்டும்." அவள் கைகூப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை நாள் சொல்லாத தேசிகன் இப்போது சொல்கிறார். என்ன பிரயோஜனம்?

விக்டர் ஜெயித்துவிட்டார். வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் அவரைப் பிடுங்கித் தின்றது. பாட்டை வேகமாகக் கேட்டால் இப்போது அவருக்கே எரிச்சல் வந்தது. நஜீமா கடையில் கேட்டதைக் காது தேடியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு உறையைக் கழற்றலாமா? கழற்றினால் கதை கந்தலாகிவிடும். ராணி ஜெபக்கூட்டத்துக்குப் போன ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றுகிற ரெக்கார்டின் ஓரத்தில் சுட்டுவிரலை லேசாக வைத்து அழுத்தினார். தட்டு வேகம் குறைந்தது. பாட்டு மெல்ல இறங்கி அஞ்சரைக்கு வந்து நின்றது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமையானால் அவள் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து, விரலை வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் குரலைக் கேட்பார். கண்ணீர் மூக்கு நுனியில் இறங்கும். துடைக்கக் கை எடுத்தால் ஸ்ருதி ஓடிவிடும்.

ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. தபேலா நின்று, குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ராணி நின்றாள். விக்டர் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், விரல் அவள் கண்ணில் படவில்லை. விரலை எடுக்கவும் தோன்றவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் துணிவில்லை. அஞ்சரைக் கட்டையில், அவளுடைய நடையில், அவளுடைய பாட்டு கூடமெல்லாம் நிறைந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தார். அப்படியே ஆகட்டும், கண்டுபிடிக்கட்டும் மாதாவே என்றும் நினைத்தார்.

ராணி தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க பெட்டி இப்படி இழுக்குது, என்னை மாதிரி? கெட்டுப்போச்சு போல. ரிப்பேருக்குக் குடுங்க."

விக்டர் விரலை எடுத்தார். பாட்டு அரைக் கட்டை ஏறி ஓடியது.

"ம், இப்ப சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள்.